பூட்டி வச்சா பத்திரமா? – மெழுகு உருளைகளும் சில மொக்கை வாதங்களும்

கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரான்னு ஒரு ஊர். அங்கே இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் நூறு வருஷத்துக்கு மேல் பழசான பாட்டு உருளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கு. அதில் 10,000-க்கும் மேற்பட்டதை ஒலிமாற்றம் செஞ்சு இணையத்தில் போட்டிருக்காங்க. 2005-ல் இணையத்துக்கு வந்த தொகுப்பு. யார் வேணும்னாலும் கேக்கலாம், இறக்கிக்கலாம். காசு கிடையாது. உறுப்பினர் அட்டை கிடையாது. "இவர் ஆய்வு மாணவர்தான்" என்று துறைத்தலைவர் கையெழுத்து போட்ட கடுதாசி கிடையாது.

இதைப் பத்தி எங்கே பேச்செடுத்தாலும் மூணு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. முதல் ஆள்: "பாதுகாக்கட்டும், நல்லதுதான். அதை எதுக்கு எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்கணும்?" ரெண்டாவது ஆள்: "உரிமை வச்சிருக்கிற கம்பெனிக்காரன் இருக்கான்ல, அவன் பாத்துப்பான்." மூணாவது ஆள்: "அந்தக் கரகரப்பை எவன் சார் உக்காந்து கேப்பான்?" மூணு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல பொருள் என்னன்னு பாப்போம்

எடிசன் 1877-ல் குரலைப் பதிவு பண்ணினது தகரத் தாளில். அதுக்குப் பிறகு வந்ததுதான் மெழுகு உருளை. டம்ளர் மாதிரி ஒரு குழாய், மேல நூல் நூலா வரிப்பள்ளம், சாதாரணமா ரெண்டு நிமிஷப் பாட்டு. மெழுகுன்னு நாம சொல்றோமே ஒழிய, பெரும்பாலும் அது ஒருவகை உலோக சோப்பு. 1890-களில் இதை மொத்தமா நகல் எடுக்க நல்ல வழி கிடையாது. அதனால பாடகர் நாலஞ்சு குழல்களுக்கு முன்னாடி நின்னு பாடணும், ஒரு தடவைக்கு சில உருளைகள் தேறும், மறுபடி உருளையை மாத்தி அதே பாட்டை முதல்லேருந்து பாடணும். நாள் முழுக்க இதே வேலை.

அப்படிப் பாடிப் பேர் வாங்கினவர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன். அடிமை முறை இருந்த காலத்தில் வர்ஜீனியாவில் பிறந்த கருப்பினத்தவர். 1890 வாக்கில் ஒலிப்பதிவுக்கு வந்து, ஒரு சிரிப்புப் பாட்டையும் ஒரு சீட்டிப் பாட்டையும் ஆயிரக்கணக்கான தடவை பாடித் தீர்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பைப் புதுசா சிரிக்கணும். யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்து உருளை ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு தனிக் கச்சேரி. ஒண்ணு உடைஞ்சா அந்தப் பாட்டின் இன்னொரு பிரதி இருக்கலாம், அந்தத் தடவை பாடினது போனது போனதுதான்.

1902-ல்தான் அச்சில் வார்த்து நகல் எடுக்கும் முறையை எடிசன் கம்பெனி வியாபாரத்துக்குக் கொண்டு வந்தது. 1908-ல் நாலு நிமிஷ உருளை. 1912-ல் நீல நிற செல்லுலாய்ட் உருளை. 1929-ல் கடையைக் கட்டிட்டாங்க. தட்டு ஜெயிச்சது, உருளை தோத்தது. தோத்த பொருளை எவன் பத்திரமா வைப்பான்? பரணில் போட்டாங்க.

"பாதுகாக்கட்டும், ஆனா கொடுக்க வேண்டாம்"

இந்த வாதம் கேக்க ரொம்பப் பொறுப்பா இருக்கும். ஆனா உருளையைப் பத்தித் தெரிஞ்சவன் இப்படிப் பேச மாட்டான்.

மெழுகை பூஞ்சை தின்னும். உவமைக்குச் சொல்லலை, நிஜமாவே தின்னும். வரிப்பள்ளத்தில் குழி விழும், அதுதான் நமக்கு இரைச்சலாக் கேக்குது. வெயிலில் வளையும், கைதவறினா கண்ணாடி மாதிரி சிதறும். செல்லுலாய்ட் உருளை உடையாதுன்னு பெருமை அடிச்சுக்கிட்டாங்க, ஆனா எடிசன் கம்பெனி அதுக்கு உள்ளே வச்சது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஈரக்காத்து பட்டா அது ஊதிக்கும், உருளை கருவியில் ஏறாது. பழைய கருவியில் ஒரு தடவை ஓட்டினா ஒரு தடவைக்கான தேய்மானம். ஓட்டாம விட்டா பூஞ்சை.

அப்போ பூட்டி வைக்கிறதுங்கிறது பாதுகாப்பு கிடையாது. சாவை மெதுவா நடத்துறது. இந்தப் பொருளுக்கு ஒரே பாதுகாப்பு, ஒழுங்கா ஒருமுறை ஓட்டி, நல்ல நகல் எடுத்து, அந்த நகலைப் பல இடத்தில் வைக்கிறது. சாண்டா பார்பராவில் அதைத்தான் செஞ்சாங்க. பிரான்ஸ்காரர் ஆன்றி ஷமூ வடிவமைச்ச ஆர்க்கியோஃபோன் என்கிற மின் கருவியில் ஓட்டினாங்க. ஊசியின் பாரம் குறைவு, வேகத்தை வேணும்கிற மாதிரி வைக்கலாம், ரெண்டு நிமிஷ உருளையோ நாலு நிமிஷ உருளையோ எதுவானாலும் ஏத்தலாம். இரைச்சல் நீக்கின கோப்பு ஒண்ணு, கை வைக்காத கச்சாக் கோப்பு ஒண்ணுன்னு தனித்தனியா வச்சாங்க.

இந்தக் கச்சாக் கோப்பு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். நம்மாட்கள் பழைய தட்டு ஒண்ணு கிடைச்சா முதல் வேலையா ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டு இரைச்சலை வழிச்சு எடுத்துடறாங்க. கூடவே குரலில் பாதியும் போயிடும், பாடகர் தண்ணிக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கும். அதுமேல தன் பேரை வேற ஓட்டிடறாங்க. இன்னிக்கு இருக்கிற மென்பொருளைவிட நாளைக்கு நல்லது வரும் சாமி! கச்சாவைத் தூக்கிப் போட்டுட்டா நாளைக்கு வர்றவன் எதை வச்சு வேலை செய்வான்?

"கம்பெனிக்காரன் பாத்துப்பான்"

பாத்துக்கிட்டான். எப்படிப் பாத்துக்கிட்டான்னு சொல்றேன்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக டிம் ப்ரூக்ஸ் என்கிற ஆய்வாளர் செஞ்ச ஒரு கணக்கெடுப்பு 2005-ல் வந்தது. 1890 முதல் 1964 வரை வெளிவந்த, வரலாற்று மதிப்பு உள்ள அமெரிக்க ஒலிப்பதிவுகளில் உரிமைதாரர்கள் மறுபடி கிடைக்கும்படி வச்சிருந்தது எவ்வளவு? 14 சதவீதம். உரிமை இல்லாத மத்தவங்க, அதாவது சின்னக் கம்பெனிகளும் வெளிநாட்டுக்காரர்களும் ஆர்வலர்களும், வெளியிட்டது 22 சதவீதம். ரொம்பப் பழைய பதிவுகளில் உரிமைதாரர் பங்கு கிட்டத்தட்ட சைபர். அதாவது, சொத்துக்குச் சொந்தக்காரன் செய்யாத வேலையை, சட்டம் சந்தேகமாப் பாக்கிற ஆளுங்கதான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க.

சட்டம் எப்படி இருந்ததுன்னா, 1972 பிப்ரவரிக்கு முந்தின ஒலிப்பதிவுகள் அமெரிக்காவின் மத்திய காப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே வரலை. மாநிலச் சட்டங்களின் கையில் விட்டுட்டாங்க, 2067 வரைக்கும். 2005-ல் கேபிடல் – நாக்ஸாஸ் வழக்கில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிச்சு. 1890-ல் ஒருத்தன் சிரிச்ச சிரிப்புக்கு 2067 வரைக்கும் காவல்! புத்தகமா இருந்தா எப்பவோ பொதுச் சொத்து. பாட்டுங்கிறதால ஆயுள் கைதி.

அந்த நிலைமையிலும் ஒரு அரசுப் பல்கலைக்கழகம் துணிஞ்சு எல்லாத்தையும் வெளியில் போட்டுச்சுங்கிறதை நாம மறக்கக் கூடாது. நூலகம்னாலே பயந்த சுபாவம். வக்கீலைக் கேட்டா "வேண்டாம்"னுதான் சொல்லுவார். இவங்க போட்டாங்க. வானம் இடிஞ்சு விழலை. 2018 அக்டோபரில் வந்த மியூசிக் மாடர்னைசேஷன் சட்டம் ஒரு வழி பண்ணிச்சு. 1923-க்கு முந்தின ஒலிப்பதிவு எல்லாம் 2022 ஜனவரி 1 அன்னிக்குப் பொதுச் சொத்து. 1923-ல் வந்தவை 2024-லும், 1924-ல் வந்தவை 2025-லும் விடுதலை. சட்டம்தான் நூலகத்துக்குப் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வந்தது.

சரி, கம்பெனிகள் திருந்திட்டாங்களா? 2023 ஆகஸ்டில் பெரிய இசைக் கம்பெனிகள் சேர்ந்து இன்டர்நெட் ஆர்க்கைவ் மேல வழக்குப் போட்டாங்க. குத்தம் என்னன்னா, பழைய 78 சுற்றுத் தட்டுகளை ஒலிமாற்றி இணையத்தில் வச்சது. கேட்ட நஷ்டஈடு பல நூறு மில்லியன் டாலர். 2025 செப்டம்பரில் சமரசமா முடிஞ்சது. வழக்கில் காட்டின பாட்டுகளில் பிரபலமானவை இருந்தது நிஜம், அதெல்லாம் ஏற்கெனவே விற்பனையில் இருக்குங்கிறது அவங்க வாதம். இருக்கட்டும். விற்பனையில் இல்லாத மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

இந்தக் கம்பெனிகளின் கிடங்கு லட்சணமும் தெரிஞ்சதுதான். 2008 ஜூன் 1 அன்னிக்கு ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தீப்பிடிச்சது. மூல ஒலிநாடாக்கள் ஏராளமா எரிஞ்சு போச்சுங்கிறதை நியூயார்க் டைம்ஸ் விவரமா எழுதினது 2019-ல். பதினோரு வருஷம் கழிச்சு! எவ்வளவு போச்சுங்கிறதில் கம்பெனிக்கும் பத்திரிகைக்கும் தகராறு. தகராறு வருதுன்னாலே அர்த்தம் என்ன? உள்ளே என்ன இருந்ததுன்னு வெளியில் இருக்கிறவனுக்குத் தெரியாது. பூட்டி வச்ச பெட்டியின் அழகே அதுதான். காணாமப் போனதுகூட யாருக்கும் தெரியாது.

"எவன் சார் கேப்பான்?"

இந்தக் கேள்விக்கு என்னோட பதில்: நீங்க கேக்க வேண்டாம். ஆனா கேக்கப் போறவன் யாருன்னு முடிவு பண்ண நீங்க யாரு?

சாண்டா பார்பரா தொகுப்பில் எனக்குப் பிடிச்சது பிரபலப் பாட்டு எதுவும் கிடையாது. வீட்டில் பதிவு பண்ணின உருளைகள். அந்தக் காலத்து கருவியில் கேக்கவும் செய்யலாம், பதியவும் செய்யலாம். 1890 முதல் 1910 வரைக்கும் சாதாரண ஜனங்க வீட்டுக்குள்ள பாடினது, ஜோக் அடிச்சது, குழந்தையை அழ வச்சுப் பதிவு பண்ணினது எல்லாம் இருக்கு. பேர் தெரியாத ஆளுங்க. இதைத்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன்னுடைய தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2014-க்கான தேர்வில் சேர்த்தது. எந்தக் கம்பெனியும் இதை விக்கப் போறதில்லை. எந்த ரசிகர் மன்றமும் கேட்டுப் போராடப் போறதில்லை. ஒரு நூலகம் மெனக்கெட்டதால மட்டும்தான் அந்தக் குரல்கள் இருக்கு.

பகிர்ந்தா இன்னொரு லாபம். உருளைக்கு அட்டைப் பெட்டி தொலைஞ்சிருக்கும், மூடி மாறியிருக்கும். பாடறது யாரு, என்ன மொழி, என்ன மெட்டுன்னு நூலகருக்கே தெரியாது. நாலு சுவத்துக்குள்ள நாலு பேர் கேட்டா அந்த நாலு பேருக்குத் தெரிஞ்சதுதான் கிடைக்கும். உலகத்துக்கு முன்னாடி வச்சா, எங்கோ ஒரு போலந்துப் பாட்டி "இது எங்க ஊர்ப் பாட்டு"ன்னு சொல்ல ஒரு வாய்ப்பாவது இருக்கு.

அசிங்கமான பாட்டுகளை என்ன செய்யறது?

நியாயமான கேள்வி இதுதான், அதனால நழுவப் போறதில்லை. அந்தக் காலத்து உருளைகளில் கருப்பினத்தவரையும் யூதர்களையும் ஐரிஷ்காரர்களையும் கேவலமாக் கிண்டல் பண்ற பாட்டு நிறைய. ஜான்சன் பாடின சீட்டிப் பாட்டே அந்த ரகம்தான். தன் இனத்தையே இழிவு பண்ற வரிகளைப் பாடித்தான் அந்த மனுஷன் சோறு சாப்பிட வேண்டியிருந்தது. இதை மறைச்சு வச்சா யாருக்கு லாபம்? அதை வித்தவனுக்குத்தான். எச்சரிக்கை போட்டு, காலம் சொல்லி, பின்னணி சொல்லி வெளியில் வைக்கணும். வரலாறு நாறத்தான் செய்யும். மூக்கைப் பொத்திக்கிட்டுப் படிக்கணும்.

ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நான் மனசார ஏத்துக்கிறேன். அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ஹர்ஸ்ட் அருங்காட்சியகத்தில், மானுடவியலாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியப் பழங்குடி மக்களிடம் பதிவு பண்ணின உருளைகள் சுமார் 2,700 இருக்கு. உருளையைத் தொடாமலே ஒளியால் படமெடுத்து ஒலியை மீட்கிற முறையில் அதையெல்லாம் மாத்தினாங்க. அதில் சடங்குப் பாட்டுகள் உண்டு. இந்தப் பருவத்தில்தான் பாடணும், இன்னார்தான் கேக்கணும்னு அந்த மக்களுக்குள்ள முறை இருக்கு. அங்கே எதைத் திறக்கணும், எதை மூடணும்னு சொல்ற உரிமை அந்த மக்களுடையது. கடைக்குப் பாடி வித்த பாட்டு வேற, நம்பிக்கையில் சொன்ன சடங்குப் பாட்டு வேற. "சமூகம் முடிவு பண்ணட்டும்"ங்கிறது ஒரு கொள்கை. "கமிட்டி முடிவு பண்ணும், அடுத்த வருஷம் வாங்க"ங்கிறது கொள்கை இல்ல, சோம்பேறித்தனம்.

ஒரு இடத்தில் மட்டும் இருந்தா அது இல்லாத மாதிரி

சாண்டா பார்பராவை நான் தலையில் தூக்கி வச்சு ஆடறதால அதுக்கு ஆபத்தே இல்லைன்னு அர்த்தமில்ல. அந்த வேலையைத் தொடங்கி வச்சது அமெரிக்க அரசின் அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம் கொடுத்த நிதி. அந்த நிறுவனத்தையே சட்டம் விடுற மட்டுக்கும் சுருக்கச் சொல்லி 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் உத்தரவு போட்டார். பல மாநிலங்கள் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாச்சு. இன்னிக்கு ஒரு கையெழுத்தில் வர்ற காசு நாளைக்கு ஒரு கையெழுத்தில் போகும்.

காசு இருந்தாலும் போதாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் மேல இணையத் தாக்குதல் நடந்தது. எவ்வளவு பெரிய நிறுவனம்! அவங்க ஒலித்தளம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கும் அதே கதி, அது சில நாளில் எழுந்துடுச்சு. ஸ்டான்ஃபோர்டு நூலகத்தில் 1999-ல் தொடங்கின ஒரு திட்டத்தின் பேருக்கு அர்த்தமே "நிறைய நகல் இருந்தா பொருள் பத்திரம்" என்பதுதான். நம்ம ஓலைச்சுவடிக்கும் இதே விதிதான். படி எடுத்த நூல் பிழைச்சது, படி எடுக்காதது கரையானுக்குப் போச்சு.

நம்மூருக்கு இதில் என்ன சம்பந்தம்?

இருக்கு. க்ரியர்சனின் இந்திய மொழியியல் ஆய்வுக்காக 1913 முதல் 1929 வரை இந்தியாவின் பல மொழிகளில் கிராமபோன் பதிவுகள் எடுத்தாங்க. ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு மொழிக்காரரையும் சொல்ல வச்சாங்க, கூடவே பாட்டும் கதையும். அதில் தமிழும் உண்டு. இன்னிக்கு அதை நாம எங்கே போய்க் கேக்கறோம்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில். நம்ம தாத்தா காலத்துக் குரலைக் கேக்க சிகாகோ கதவைத் தட்டறோம், அவங்களும் திறந்து வச்சிருக்காங்க.

கோயமுத்தூர் தாயின்னு ஒரு மகா பாடகி. 1917-ல் காலமானவர். அவர் இசைத்தட்டைக் கேட்டுட்டு மொரீஸ் டெலாழ் என்கிற பிரெஞ்சு இசையமைப்பாளர் "ராகமாலிகா"ன்னு குரலுக்கும் பியானோவுக்குமா ஒரு படைப்பே எழுதினார். தட்டு பாரீஸ் போனதால அது நடந்தது. பீரோவுக்குள்ள இருந்தா நடந்திருக்குமா?

இங்கே என்ன நடக்குது? நம்மூரில் ஒரு நிறுவனம், பேர் வேண்டாம். பழைய தட்டு ஒண்ணைக் கேக்கணும்னு போனேன். விண்ணப்பம், அடையாள அட்டை, அறிமுகக் கடிதம், எல்லாம் கொடுத்து ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அறையில் உக்கார வச்சாங்க. கேக்கலாம், குறிப்பு எடுக்கலாம், நகல் கேக்கக் கூடாது. ஏன்னு கேட்டா "காப்புரிமை சார்". 1920-களில் வந்த தட்டு அது! இந்தியச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு 60 வருஷம்தான். அது எப்பவோ முடிஞ்சு போச்சு. பாட்டு எழுதினவர், மெட்டு போட்டவர் உரிமை தனி, அவங்க காலத்துக்குப் பிறகு 60 வருஷம். பாடினது 19-ஆம் நூற்றாண்டில் மறைஞ்ச ஒரு வாக்கேயக்காரர் கிருதியை. யார் வந்து வழக்குப் போடப் போறாங்க?

தனியார் சேகரிப்பாளர்கள் சிலர் இன்னும் மேல. அவங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லலை. மூர் மார்க்கெட் குப்பையிலேர்ந்து தட்டைக் காப்பாத்தினதே அவங்கதான். ஆனா "என்கிட்ட மட்டும்தான் இருக்கு"ங்கிற வாக்கியத்தை ஏதோ விருது மாதிரி சொல்றாங்களே, அண்ணாச்சி, அது விருது இல்ல. அது அபாய அறிவிப்பு. உங்களுக்கப்புறம் உங்க வீட்டில் யாருக்கு அந்தத் தட்டின் அருமை தெரியும்?

என்ன செய்யலாம்?

பெரிசா ஒண்ணும் வேண்டாம் மக்களே. வீட்டில் பழைய தட்டோ நாடாவோ இருந்தா கச்சாவா ஒரு நகல் எடுங்க, வழிச்சுத் துடைக்காதீங்க. தட்டின் முத்திரைத்தாளையும் எண்ணையும் படம் எடுத்துக் கூடவே வைங்க. மூணு இடத்தில் மூணு நகல் வைங்க, அதில் ஒண்ணு வேற ஊரில் இருக்கட்டும். பொதுச் சொத்தான பதிவை உங்க பேர் முத்திரை குத்தாம வெளியில் விடுங்க. சாண்டா பார்பரா தளத்துக்குப் போய் ஒரு பத்து உருளையாவது இறக்கி வைங்க. இவ்வளவு எழுதின பிறகும் "எதுக்கு எல்லாருக்கும் கொடுக்கணும்"னு யாராவது கேட்டா, ஒரே பதில்தான்: எல்லார்கிட்டயும் இருக்கிற பொருளை எந்தத் தீயாலும் எரிக்க முடியாது.

பி.கு.: "உங்ககிட்ட இருக்கிற எல்லாத்தையும் முதல்ல நீங்க கொடுத்தீங்களா?"ன்னு கேக்க வரும் அனானி நண்பருக்கு: பழைய தட்டு ஆறு என்கிட்ட உண்டு, ஆறும் கச்சாக் கோப்பாவே இருக்கு. பின்னூட்டத்தில் கேளுங்க, அனுப்பி வைக்கிறேன் :-)